எங்கோ ஒரு நிலநடுக்கம்

நாள்தோறும் காலையில் செய்தித்தாளை விரிக்கிறோம். ஏதோ ஒரு நாட்டில் நிலம் அதிர்ந்தது. ஏதோ ஒரு கரையில் கடல் பொங்கியது. மாண்டோர் இத்துணைப் பேர் என்று ஒரு தொகை அச்சிடப்பட்டிருக்கிறது. 'ஐயோ, பாவம்!' என்னும் சொல் நம்மை அறியாமலேயே வாயிலிருந்து புறப்படுகிறது. அடுத்த கணம் பக்கம் புரள்கிறது. காப்பி ஆறிவிடுமே என்ற கவலை வந்துவிடுகிறது. இதனைக் கல்நெஞ்சம் என்று பழிக்க நான் வரவில்லை. உலகமோ பெரிது, மனித உள்ளமோ சிறிது. எல்லாருடைய துயரையும் ஏற்றுச் சுமக்க எவராலும் இயலாது. ஆயினும், தொலைவில் உள்ளோர்க்கு நேரும் பேரிடரில் நாம் செலுத்த வேண்டிய கடன் அந்த ஒரு சொல்லோடு தீர்ந்துவிடுகிறதா?

குருமடத்தில் பயின்ற காலத்தில் இக்கேள்விக்கு நூல்களில் விடை தேடியதுண்டு. ஆனால் எனக்கு விடையைக் காட்டியவர்கள் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்ந்த எளிய மக்களே. அவர்களிடம் கற்றதையே இங்கு அன்பார்ந்த வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கும்மிடிப்பூண்டியை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை நெருங்கும் இடத்தில் அமைந்த ஊர் அது. சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பாலைகளும் பிற தொழிற்சாலைகளும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூட்டங்கூட்டமாகத் தொழிலாளரை ஈர்த்தன. கடற்கரைப் பக்கம் சென்றால் பழவேற்காடு ஏரியும் அதற்கப்பால் மீனவர் குப்பங்களும் உள்ளன. 1990ஆம் ஆண்டு முதல், இலங்கைப் போரில் வீடும் நிலமும் இழந்து கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் இங்கே முகாமில் வாழ்ந்து வருகின்றன. கடலை நம்பி வாழ்வோர், கூலியைத் தேடி வந்தோர், உயிரைக் காக்க ஓடிவந்தோர் ஆகிய மூவகையினரும் ஒரே சந்தையில் காய்கறி வாங்கும் ஊர் அது. 2004ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்துப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன்.

அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். திருச்சபை திருக்குடும்ப விழாவைக் கொண்டாடிய நாள். ஏரோதின் வாளுக்குத் தப்பக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு சூசையப்பர் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய வரலாறே அன்றைய நற்செய்தி வாசகம். முகாம் மக்களுக்கு அந்த வரலாற்றை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வாசகம் முடிந்ததும் பெண்கள் சிலர் சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொண்டது இன்றும் என் நினைவில் நிற்கிறது.

அதே காலையில், நம் நேரப்படி 6 மணி 29 நிமிடத்திற்கு, இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவுக்கு மேற்கே கடலடி நிலம் அதிர்ந்தது. அதன் அளவு 9.1 என்று பின்னர்க் கணக்கிட்டனர். நண்பகலுக்குள் சென்னை மெரினாவும் கடலூரும் நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் தொலைக்காட்சியில் அலறின. திருநாளைக்கு வந்து அன்னையின் கரையில் நின்றிருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பழவேற்காட்டுக் குப்பங்களிலும் கடல் புகுந்து உயிர்களையும் படகுகளையும் வாரிச் சென்றது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேல். எல்லா நாடுகளையும் சேர்த்து இரண்டேகால் இலட்சம் மக்கள்!

அன்று ஊரில் அனைவரும் பழவேற்காட்டைப் பற்றியே விசாரித்தனர். முகாமிலோ கேள்வி வேறாயிருந்தது. "சுவாமி, ரேடியோவில எங்கட ஊர்ப் பேர் சொன்னவையோ?" என்று ஒரு மூதாட்டி என் கையைப் பற்றிக்கொண்டு கேட்டார். அவருடைய ஊர் முல்லைத்தீவுக் கரையில் இருந்தது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தை நம்பி, முகாமிலிருந்து சில குடும்பங்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பியிருந்தன. போருக்குத் தப்பியவர்கள், அமைதி வந்துவிட்டதென்று எண்ணிப் போய்க் கடலின் வாயில் விழுந்தனரோ என்னும் அச்சம் முகாம் முழுவதையும் பற்றிக்கொண்டது.

தொலைபேசிக் கடையின் முன்னே நீண்ட வரிசை நின்றது. இணைப்பு கிடைக்கவில்லை, கிடைத்தாலும் மறுமுனையில் எடுப்பார் இல்லை. மூதாட்டியின் பேத்தி பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து தாள்களைக் கிழித்தெடுத்தாள். முல்லைத்தீவு, மருதங்கேணி, திருக்கோணமலை, மட்டக்களப்பு என ஊர்வாரியாகத் தலைப்பிட்டு, வரிசையில் நின்றவர்கள் சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினாள். உயிரோடிருப்பதாகச் செய்தி வந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை அடையாளம் இட்டாள். செய்தி வராத பெயர்கள் அப்படியே நின்றன.

அன்றிரவு முகாமில் கூடிச் செபமாலை சொன்னோம். எந்தக் கருத்துக்காகச் செபிப்போம் என்று கேட்டேன். அந்த மூதாட்டிதான் விடை சொன்னார்: "பேரைச் சொல்லி மன்றாடுவம், சுவாமி. நாங்கள் சொல்லாட்டி ஆர் சொல்லுவினம்?" பேத்தி தாள்களை வாசித்தாள். ஒரு பெயர், ஓர் 'அருள் நிறைந்த மரியே'. மீண்டும் ஒரு பெயர், மீண்டும் ஒரு மங்கள வார்த்தை. எழுதியவை முடிந்தபின், முகாமுக்கு வெளியே இருந்து வந்து உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் தயங்கித் தயங்கிப் பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்த தம் மைத்துனர் பெயரைச் சொன்னார். அதையும் சேர்த்துக்கொண்டனர். நள்ளிரவு வரை அந்தச் செபமாலை முடியவில்லை.

பின்வந்த வாரங்களில் சில பெயர்களுக்குச் சிலுவை அடையாளம் கிடைத்தது. ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று பெயர்களுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. அந்த வீட்டாரை நான் ஒருபோதும் கண்டதில்லை. ஆயினும் இருபதாண்டுகளுக்குப் பின்னரும் இறந்தோர் நினைவுத் திருப்பலியில் அவர்களுடைய பெயர்கள் என் நாவில் வருகின்றன. இரண்டேகால் இலட்சம் என்னும் தொகையை என் உள்ளம் தாங்கவில்லை; மூன்று பெயர்களைத் தாங்கியது. தொலைவில் உள்ளவனை அயலானாக்கும் முதற்படி இதுவே என்று அறிந்தேன்.

அந்நாள்களில் வேறொரு பேச்சும் காதில் விழுந்தது. 'கடற்கரையில் பாவம் பெருகிவிட்டது. கடவுள் தண்டித்தார்' என்றனர் சிலர். இது புதிய பேச்சன்று. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று, போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரத்து ஆலயங்களில் மக்கள் திருப்பலிக்குக் கூடியிருந்த வேளையில் நிலம் அதிர்ந்தது. ஆலயங்கள் இடிந்து வீழ்ந்தன, தீ பரவியது, கடலும் பொங்கி வந்தது. அன்றும் ஐரோப்பா எங்கணும், இது யாருடைய பாவத்திற்கு வந்த தண்டனை என்று வாதிட்டனர். நம் ஆண்டவரிடமும் இத்தகைய செய்தியைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. லூக்கா நற்செய்தி பதின்மூன்றாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெண்மர், எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று அவர் ஐயத்திற்கிடமின்றி அறிவிக்கிறார். பின்னர்க் கேட்டவர்களின் பக்கமே திரும்பி, அவர்கள் தங்கள் வாழ்வைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறார். மாண்டவர்மீது தீர்ப்புச் சொல்லும் உரிமையை அவர் எவருக்கும் வழங்கவில்லை.

கடல் பொங்கியதற்குக் காரணம் நிலத்தின் அடியில் உள்ளது. இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம், கிழக்கேயுள்ள பர்மாத் தட்டின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. நெடுங்காலம் இறுகிக் கிடந்த அழுத்தம் அன்று விடுபட்டு, சுமத்ரா தொடங்கி அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி பிளந்தது. மேலெழுந்த நிலம் தன்மேலிருந்த நீரனைத்தையும் தள்ளியது. ஆழ்கடலில் அந்த அலை வானூர்தியின் வேகத்தில் செல்லும். ஆனால் அங்கு அதன் உயரம் ஒரு மீட்டர்கூட இராது. படகிலிருப்பவன் உணரவும் மாட்டான். கரையை நெருங்கும்போதுதான் வேகம் குறைந்து சுவராக எழும்புகிறது.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்த அலை இலங்கையின் கிழக்குக் கரையையும் தமிழகக் கரையையும் வந்தடைய இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஒரு திருப்பலியும், அதன்பின் ஒரு காலை உணவும் முடியும் நேரம்! பசிபிக் பெருங்கடல் நாடுகளுக்காக 1949ஆம் ஆண்டு முதலே ஹவாய்த் தீவில் எச்சரிக்கை நிலையம் இயங்கி வந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. அதனால் அலை ஓடிவந்தது, சொல் ஓடிவரவில்லை. இலங்கையின் கிழக்குக் கரை அழிந்த பின்னரும், தென்மேற்குக் கரையில் பெரலியாவை நோக்கிப் பயணிகள் தொடர்வண்டி ஒன்று சென்றுகொண்டிருந்தது. அதனை நிறுத்தும் சொல் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த வண்டியோடு மாண்டனர்.

சொல் போய்ச் சேர்ந்த இடங்களும் உண்டு. புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவர் ஊர். அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். சுமத்ராவில் நிலநடுக்கம் என்ற செய்தியை அறிந்ததும், தம் ஊர் அவருடைய நினைவுக்கு வந்தது. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி உடனே முழங்கியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையைவிட்டு விலகி உயிர் தப்பினர். சுமத்ராவின் வாசலிலேயே கிடக்கும் சிமெலுவே தீவின் வரலாறும் வியப்புக்குரியது. 1907ஆம் ஆண்டில் அங்கே பொங்கிய கடலைப் பற்றிப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர்: நிலம் நெடுநேரம் ஆடிக் கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள் என்று. ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் அன்று மாண்டவர் எழுவர் மட்டுமே. தாய்லாந்துக் கடற்கரையில், இரு வாரங்களுக்கு முன் பள்ளியில் படித்த பாடத்தை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி, அக்கரையிலிருந்தோரைக் காத்ததையும் உலகம் அறியும். ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு பாட்டியின் கதை, ஒரு சிறுமியின் பாடம். இவை மூன்றும் ஏழைக் குடும்பத்திற்கும் எட்டக்கூடியவை அல்லவா?

சொல்லுக்கு இத்துணை ஆற்றல் இருப்பதனாலேயே பொய்ச்சொல் கொடியதாகிறது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30ஆம் நாள், மீண்டும் கடல் பொங்கும் என்றோர் எச்சரிக்கை பரவியது. அடிப்படையற்ற அச்செய்தியை நம்பி, தமிழகக் கரையோர மக்கள் மீண்டும் ஓடினர். உறவினரைப் புதைத்த ஈரம் காயாத கைகளோடு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களின் திகிலை யார் ஈடு செய்வது? 2007ஆம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் நம் நாட்டு ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், உயிர்ப்பு விழா எண்கிழமையின் புதன்கிழமை, சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் மீண்டும் நிலம் அதிர்ந்தது. அதன் நடுக்கத்தைச் சென்னை மக்கள் உணர்ந்தனர். எச்சரிக்கை உடனே வந்தது; மக்கள் விலகினர். நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரலை எழவில்லை, எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. வீணாக ஓடினோமே என்று முணுமுணுத்தவர்களிடம் நான் சொன்னேன்: 'வீணாக ஓடியவர் வீடு திரும்பியிருக்கிறார், அதற்கு நன்றி சொல்லுங்கள்.'

இனி, கொடுப்பது பற்றி ஒன்று. 2004ஆம் ஆண்டின் அந்த வாரத்திலேயே முகாமின் மக்கள், அரசு தங்களுக்கு வழங்கிய சிறு உதவித்தொகையிலிருந்து காசு திரட்டினர். தங்கள் ஊருக்கு அதனை அனுப்ப வழி இல்லை. 'நாகைப் பிள்ளைகளுக்குப் போகட்டும்' என்றனர். இளைஞர் சிலர் நாகைக் கரைக்கே சென்று, வீடிழந்தவர்களோடு தங்கிப் பணிசெய்தனர். வீடிழப்பது யாதென்று அவர்களைவிட அறிந்தவர் யார்? இரும்பாலையில் வேலை செய்த ஒடிசாத் தொழிலாளர் ஒருவர் தம் தோழர்களிடம் சேர்த்த தொகையை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார். அவருக்குத் தமிழ் சில சொற்களே தெரியும். 1999ஆம் ஆண்டின் பெரும்புயலில் தம் கரையோர ஊர் அழிந்தபோது எங்கிருந்தோ அரிசி வந்தது என்பதைக் கையாலும் சொல்லாலும் விளக்கினார். அனுப்பியவர் யார் என்று அவர் அறியார். அதனால் யாருக்கு வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம் என்பது அவர் கணக்கு. யூதேயாவில் வாழ்ந்த சகோதரருக்காகத் தங்கள் ஆற்றலுக்கேற்பத் திரட்டி, பர்னபா, சவுல் ஆகியோர் கையில் கொடுத்தனுப்பிய அந்தியோக்கியாச் சபையைத் திருத்தூதர் பணிகளில் வாசிக்கும்போதெல்லாம், எனக்கு அந்தக் கைக்குட்டை முடிச்சே நினைவுக்கு வருகிறது.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஜப்பானில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஏற்பட்டபோது நான் திருவள்ளூர்ப் பக்கம் வேறொரு பங்கில் இருந்தேன். மாண்டவரும் காணாமற்போனவருமாகப் பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர். அன்று திருநீற்றுப் புதனுக்குப் பின்வந்த வெள்ளி. மாலையில் சிலுவைப்பாதைக்கு மக்கள் கூடினர். முகாமில் கற்ற பழக்கத்தால், 'அங்கு நம்மில் யாருக்கேனும் யாரேனும் உண்டா?' என்று கேட்டேன். ஒரு தாய் எழுந்தார். அவருடைய மகன் அந்நாட்டில் வேலையிலிருந்தான். இரண்டு நாள் கழித்து அவன் நலமென்று செய்தி வந்தது. ஞாயிறன்று அந்தத் தாய் மீண்டும் எழுந்து, மகன் குடியிருந்த வீட்டுக்கார மூதாட்டியைப் பற்றிச் சொன்னார். அவர் கடலோரத்துச் சொந்த ஊருக்குப் போனவர், திரும்பவில்லையாம். நாவுக்குப் பழகாத அந்த ஜப்பானியப் பெயரை எங்கள் பங்கு மக்கள் தட்டுத்தடுமாறிச் சொல்லி மன்றாடினர். சிறுவர் சிலர் அதனைச் சரியாக உச்சரிக்க வெளியே நின்று பழகிக்கொண்டதைக் கண்டேன். ஜப்பான் அன்று எங்கள் பங்கின் எல்லைக்குள் வந்துவிட்டது.

அந்நாட்டிலே அனெயோஷி என்னும் சிற்றூரில் ஒரு கல் உண்டு. 1933ஆம் ஆண்டுப் பேரலைக்குப்பின், இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று பெரியோர் பொறித்து வைத்த கல். மக்கள் அச்சொல்லைக் காத்தனர். 2011ஆம் ஆண்டில் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. நம் நினைவு கல்லைப்போல் உறுதியானதன்று. நாற்பதாம் நாள் ஆவதற்குள் மறந்துபோகிறோம். 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் மியான்மரில் நிலம் அதிர்ந்ததை இன்று நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? பர்மாவிலிருந்து திரும்பி வடசென்னையில் குடியேறிய குடும்பங்கள் நம் அண்டையிலேயே உள்ளன. அவர்களிடம் ஒரு பெயரையாவது கேட்டோமா?

ஆகவே, குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, உங்களிடம் சிலவற்றை வேண்டுகிறேன். தொலைதேசத்துத் துயரச் செய்தி வந்த நாளில், இரவுச் செபத்தின்போது, 'அங்கு நாம் அறிந்தவர் யார்?' என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்தால் அதைச் சொல்லி மன்றாடுங்கள். கிடைக்காவிடில் அந்த ஊரின் பெயரையாவது சொல்லுங்கள். உறுதியறியாத செய்தியை ஒருவருக்கும் கடத்தாதீர்கள். உறுதியான எச்சரிக்கையைக் கடத்தக் கணமும் தாமதியாதீர்கள். கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, நிலம் ஆடினாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ மேட்டுக்கு ஓடவேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். உங்களால் இயன்றதைக் கொடுங்கள். ஓராண்டு கழிந்தபின் அதே நாளில் மீண்டும் ஒருமுறை அவர்களை நினையுங்கள்.

வரும் டிசம்பர் 26ஆம் நாள் உங்கள் வீட்டில் மெழுகுதிரி ஏற்றும்போது, நம் கரையிலும் அக்கரையிலும் அடையாளம் இடப்படாமலே நின்றுபோன பெயர்களையும் ஆண்டவர் திருமுன் வையுங்கள். இல்லம் இழந்து எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக.